நாடா இறுக்கமும் ஜட்டி இறுக்கமும்: தம்பதியர் தெரிந்துகொள்ள வேண்டியவை



குடும்ப நலக் கூட்டம் என்றால் கருத்தடை, தடுப்பூசி, சத்துணவு, இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்துத்தான் வருகிறீர்கள். இந்தப் பிரசுரம் உள்ளாடையைப் பற்றியது. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டே படியுங்கள். படித்த பின் கணவர் மனைவியிடமும், மனைவி கணவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

ஸ்ரீரங்கம் தாலுகாவில், கொள்ளிடக் கரை கிராமம் ஒன்றில் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஓர் அம்மா மட்டும் போகாமல் நின்றார். வயது அறுபது இருக்கும். "உங்ககிட்ட தனியா ஒண்ணு காட்டணும்" என்று என்னைத் திண்ணைக்கு உள்பக்கம் அழைத்துப் போனார். இடுப்பில் வலது பக்கம், பாவாடை நாடா விழுகிற அதே இடத்தில், எட்டணா அளவுக்கு ஒரு புண். ஓரம் தடித்திருந்தது.

"எத்தனை நாளா இருக்கு?"

"நாளா? தை மாசத்துலேருந்து இருக்கும்மா. நாடா உரசுன புண்ணுதானே, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போடுறேன். ஆறுற மாதிரி இருக்கும், திரும்ப வந்துரும்."

அப்போது ஆவணி. எட்டு மாதமாக ஆறாத புண். வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அதைப் போயி அவருகிட்ட சொல்லுவாங்களா?" என்றார். மறுநாளே புத்தூரில் உள்ள அரசு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், புண்ணின் ஓரத்தில் சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வருகிற வரை எனக்குச் சரியான தூக்கம் இல்லை. புற்று இல்லை என்று வந்தது. நாடாவை மாற்றினார், மருந்து போட்டார், புண் ஆறியது.

நான் பயந்ததற்குக் காரணம் உண்டு. மகாராஷ்டிராவில் வார்தா, பீகாரில் மதுபனி ஆகிய ஊர்களின் மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2024-ல் இரண்டு பெண்களைப் பற்றி ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். ஒருவருக்கு வயது 70. இடுப்பில் 18 மாதமாக ஆறாத புண். இன்னொருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. இரண்டு வருடமாகப் புண். இரண்டுமே தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. இரண்டாமவருக்கு நோய் தொடை இடுக்கின் நெறிக்கட்டி வரை பரவியிருந்தது. பல பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிய கட்டுதான் தொடக்கம். இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாமவர் உள்பாவாடையே கட்டாதவர். நம் ஸ்ரீரங்கத்து மாமிகள் மடிசார் கட்டுவது போலக் காலுக்கிடையில் வாங்கிக் கட்டும் புடவையை இடுப்பில் இறுக்கி முடிந்தவர். ஆகவே குற்றம் நாடாவில் மட்டும் இல்லை. ஒரே இடம், பல வருட இறுக்கம், அதோடு வியர்வையும் உரசலும். பழைய டாக்டர்கள் வேட்டி கட்டிய ஆண்களிடமும் இதே நோயைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. லட்சக்கணக்கான பெண்கள் நாடா கட்டுகிறார்கள், புற்று வருவது மிக அபூர்வம். இடுப்பைச் சுற்றிக் கறுத்த கோடும் அரிப்பும் மட்டும் அபூர்வம் இல்லை. எனக்கும் அந்தக் கோடு உண்டு. முப்பது வருடத்துத் தழும்பு.

இறுக்கம் என்றால் எவ்வளவு?

ஆடை உடம்பை அழுத்துவதை அளக்க முடியும். 1972-ல் இங்கிலாந்தில் டென்டன் என்ற துணி ஆராய்ச்சியாளர் இதைச் சொன்னார்: தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் 20 முதல் 40 கிராம் வரை அழுத்தம் இருந்தால் பெரும்பாலோருக்குச் சௌகரியம். 70 கிராமை நெருங்கும்போது "எப்போதடா கழற்றுவோம்" என்று ஆகிவிடும்.

கிராம் கணக்கு புரியாவிட்டால் காவிரியை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாமண்டபம் படித்துறையில் இறங்கி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே 40 சென்டிமீட்டர் தண்ணீரில் நிற்கிறீர்கள். உங்கள் பாதத்தின் மேல் தண்ணீர் அழுத்துகிறதே, அதுதான் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராம். தொடை அளவு ஆழத்துக்குப் போனால் பாதத்தில் 70 கிராம் ஆகிவிடும். "அதுல ஒண்ணும் வலிக்கலையே" என்பீர்கள். சரிதான். தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்துகிறது, நாமும் சீக்கிரம் கரையேறிவிடுகிறோம். நாடா ஒரே கோட்டில் அழுத்துகிறது, காலையிலிருந்து இரவு வரை.

தோலுக்கு அடியில் மயிரிழையை விட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் ரத்தம் ஓடும் வேகம் மிகக் குறைவு, அழுத்தமும் குறைவு. வெளியிலிருந்து அதைவிட அதிகமாக அழுத்தினால் அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. தோல் முதலில் வெளுக்கும், எடுத்தவுடன் சிவக்கும், அரிக்கும். தினமும் இதுவே நடந்தால் கறுத்துத் தடித்துப் போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இழுவிசை அதேதான், ஆனால் பட்டையின் அகலம் நான்கு மடங்கு என்றால், தோலில் விழும் அழுத்தம் கால் பங்காகக் குறையும். அரை அங்குல நாடாவுக்குப் பதில் இரண்டு அங்குலத் துணிப்பட்டை வைத்துத் தைத்த பாவாடை ஏன் சுகமாக இருக்கிறது என்றால் இதுதான் காரணம். இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் அழுத்தம் கூடும், சதைப்பிடிப்பான இடத்தில் குறையும். ஒல்லியான பெண்களுக்கு இடுப்பெலும்பின் மேலேயே புண் வருவது அதனால்தான்.

தாய்மார்களுக்கு

நடவுக்கும் களையெடுக்கவும் போகும் பெண்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நிற்கும்போது சரியாக இருந்த நாடா, குனிந்தால் வெட்டும். நிற்கும்போது இருக்கும் இடுப்புச் சுற்றளவு குனியும்போதும் குத்துக்காலிட்டு உட்காரும்போதும் கூடிவிடுகிறது. நாடாவோ கூடாது. எனவே கடையிலானாலும் வீட்டிலானாலும் நின்றுகொண்டே அளவு பார்க்காதீர்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூச்சை இழுத்து விட்டு, நாடாவுக்கும் இடுப்புக்கும் நடுவே இரண்டு விரல் போகிறதா என்று பாருங்கள்.

"லூசாக் கட்டுனா புடவை நழுவிருமே?" என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆறு கெஜப் புடவையின் எடை முழுவதும் அந்த நாடாவில்தான் தொங்குகிறது. பத்தாததற்குச் சுருக்குப் பையும் சாவிக்கொத்தும் வேறு. ஆகவே நாடாவைத் தளர்த்துவதைவிட அகலப்படுத்துவதுதான் வழி. தையல்காரரிடம் சொன்னால் பட்டை வைத்துத் தருவார். முடிச்சை ஒரு நாள் வலப்புறம், ஒரு நாள் இடப்புறம் போடுங்கள். நாளுக்கு நாள் கட்டும் இடத்தை ஒரு விரற்கடை மேலே கீழே மாற்றுங்கள். ராத்திரி படுக்கும்போது நாடாவைத் தளர்த்திவிடுங்கள். நைட்டி போட்டுக்கொண்டால் மாமியார் என்ன சொல்வாரோ என்று பயப்படுகிற மருமகள்கள் இன்னும் இருக்கிறார்கள். மாமியார் இதைப் படித்தால், அவருக்கும் அதே கோடு இடுப்பில் இருக்கும், பார்த்துக்கொள்ளட்டும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்கு முக்கியமான ஒன்று. பிரசவம் ஆன சில நாட்களுக்குள் செய்தால், வெட்டு பெரும்பாலும் தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். நாடா முடிச்சும் அங்கேதான் வந்து உட்காரும். காயம் ஆறும் வரை முடிச்சைப் பக்கவாட்டில் தள்ளிப் போடுங்கள், அல்லது நைட்டியோடு இருங்கள். காயத்தில் சிவப்பு, சீழ், காய்ச்சல் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

பிரசவத்துக்குப் பின் பழைய புடவையால் வயிற்றைக் கட்டுவது நம் வழக்கம். இதமாகக் கட்டினால் தப்பில்லை. சிசேரியன் ஆனவர்களுக்கு டாக்டர் சொல்லும் பெல்ட் வலியையும் குறைக்கும். ஆனால் கட்டுவதால் கர்ப்பப்பை சுருங்குவதில்லை. அது தானாகவே சுமார் ஆறு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். மூச்சு முட்ட இறுக்கினால் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் கீழ்நோக்கித் தள்ளும். பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்த அடித்தசைகளுக்கு அது நல்லதில்லை. "அடி இறங்குது" என்று பின்னால் சொல்லி வருகிற பெண்களைப் பார்க்கும்போது, பெற்ற உடனேயே இறுக்கிக் கட்டி, குடமும் தூக்க விட்டார்களே என்று எனக்குத் தோன்றும்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் பழைய அளவு பாடியைப் போடக் கூடாது. மார்பு பெருத்திருக்கும் நேரத்தில் இறுக்கமான பாடி பால் வரும் குழாயை அழுத்தி, அந்த இடத்தில் பால் கட்டிக்கொள்ளும். முதலில் கெட்டியாக ஒரு கட்டி, பிறகு சிவப்பு, வலி, குளிர் காய்ச்சல். அப்போது அந்தப் பக்கம் பால் கொடுப்பதை நிறுத்துவதுதான் பெரிய தப்பு. கொடுங்கள், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பாடியைக் கழற்றிவிட்டு, அன்றைக்கே செவிலியரிடம் காட்டுங்கள்.

ஆண்களுக்கு

விதைப்பை உடம்புக்கு வெளியே ஏன் தொங்குகிறது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் நமக்குச் சொல்லித் தரவில்லை. விந்தணு உற்பத்திக்கு உடம்பின் சூடு ஒத்துவராது. அதைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். குளிர்ந்தால் பை சுருங்கி உடம்போடு ஒட்டுவதும், சூட்டில் தளர்ந்து இறங்குவதும் அதற்காகத்தான். இறுக்கமான ஜட்டி இரண்டையும் உடம்போடு ஒட்ட வைத்துவிடுகிறது. திருச்சி சித்திரை வெயிலில், அதற்கு மேல் கெட்டி ஜீன்ஸும் போட்டு, பைக் சீட்டில் பகல் முழுவதும் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வந்த 656 ஆண்களைப் பரிசோதித்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தளர்வான அரைக்கால் உள்ளாடை போட்டவர்களுக்கு, இறுக்கமானது போட்டவர்களை விட விந்தணு அடர்த்தி 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தத் தளர்வான உள்ளாடை வேறொன்றும் இல்லை, நம் தாத்தா போட்ட பட்டாபட்டி டிரவுசர்தான்.

இதை வைத்து இரண்டு தவறான முடிவுக்குப் போகக் கூடாது. ஒன்று, ஜட்டி போட்டால் குழந்தை பிறக்காது என்று. இறுக்கமாகப் போட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு எண்ணிக்கை போதுமான அளவில்தான் இருந்தது. ஆகவே இறுக்கமான ஜட்டியை நம்பிக் கருத்தடையை விட்டுவிடாதீர்கள். அப்படி நம்பி நாலாவது பிள்ளையோடு வந்தவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, ஜட்டியை மாற்றிவிட்டோம், அடுத்த மாதமே தங்கும் என்று எதிர்பார்ப்பது. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறத்தாழ இரண்டரை, மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்குச் செய்யும் மாற்றம் அதற்குப் பின்புதான் தெரியும்.

கல்யாணமாகி ஒரு வருடம் கருத்தடை எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் குழந்தை இல்லை என்றால், கணவர் மனைவி இருவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மனைவியை மட்டும் சமயபுரத்துக்கும் டாக்டர் வீட்டுக்கும் அலைய விட்டுவிட்டு, "எனக்கென்ன கொறச்சல்" என்று உட்கார்ந்திருக்கும் ஆண்கள் நம் ஜில்லாவில் நிறைய. ஆணுக்கான முதல் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் சுலபம். ஊசி இல்லை, கத்தி இல்லை. விந்துப் பரிசோதனை ஒன்றுதான்.

அடுத்தது தொடை இடுக்குப் படர்தாமரை. இறுக்கமான நைலான் ஜட்டிக்குள் வியர்வை காயாது, தோல் ஊறிப்போய் உரசி, அங்கே காளான் கிருமி பிடிக்கும். கணவருக்கு வந்தால் மனைவிக்கும் வரும், ஒரே துண்டைக் கட்டும் பிள்ளைக்கும் வரும். கடையில் "நமைச்சலுக்கு ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. போட்ட இரண்டாம் நாள் அரிப்பு நிற்கும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகப் பரவும். தோலும் மெலிந்து கோடு கோடாக வெடிக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கவே கூடாது. பருத்தி உள்ளாடை, தினம் ஒரு தடவை மாற்றுதல், டாக்டர் சொன்ன நாள் வரை மருந்து. வீட்டில் யார் யாருக்கு இருக்கிறதோ எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து.

மண்ணச்சநல்லூர் பக்கம் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர், தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போகிறது, எரிகிறது, வாதம் வரப்போகிறது என்று கலங்கி வந்தார். வயிற்றுக்குக் கீழே பச்சை பெல்ட், அதில் பணம், சாவி, கணக்குச் சீட்டு எல்லாம். இடுப்பெலும்பின் முன்பக்கம் ஒரு நரம்பு தொடைக்கு இறங்குகிறது. இறுக்கமான பெல்ட்டோ இடுப்புப் பட்டையோ அதை நசுக்கினால் தொடையின் வெளிப்புறம் மட்டும் மரத்துப் போகும். கால் பலம் குறையாது. பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்தச் சொன்னோம். சில வாரத்தில் சரியாயிற்று. கால் இழுத்தாலோ, பலம் குறைந்தாலோ, முகம் கோணினாலோ கதை வேறு. அது பெல்ட் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இறுக்கம் வேண்டிய இடம்

ஆண்களுக்கான கருத்தடை சிகிச்சையில் மட்டும் இறுக்கத்தை நாங்களே சிபாரிசு செய்கிறோம். இப்போது செய்வது 1974-ல் சீனாவில் டாக்டர் லீ ஷுன்கியாங் கண்டுபிடித்த தழும்பில்லா முறை. கத்தியால் கீறாமல் சிறு துளை போட்டு, தையல் இல்லாமல் முடித்துவிடுவார்கள். அதன் பிறகு குறைந்தது இரண்டு மூன்று நாள், டாக்டர் கூடச் சொன்னால் கூட, லங்கோடோ இறுக்கமான ஜட்டியோ போட வேண்டும். பை தொங்காமல் தாங்கினால் வீக்கமும் ரத்தக்கட்டும் குறையும். தாங்க வேண்டும், நசுக்கக் கூடாது. விரல் நுழையாத அளவுக்குக் கட்டிக்கொண்டு "வீங்குது" என்று வந்தால் என்ன செய்வது?

ஒரு வாரம் சைக்கிள் மிதிக்க வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம். சிகிச்சை முடிந்த அன்றே கருத்தடை வந்துவிட்டதாக நினைக்கவும் வேண்டாம். குழாயில் தங்கியிருக்கும் விந்தணு வெளியேற மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை நிரோத் போட்டுக்கொண்டு, மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வந்த பிறகே விட வேண்டும்.

கபடி ஆடும் பையன்கள் போடும் இறுக்கமான விளையாட்டு டிரவுசரும் இந்த வகைதான். ஆடும் நேரத்துக்குச் சரி. ஆட்டம் முடிந்து, நனைந்த அதையே மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவதுதான் தப்பு. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்களுக்கு டாக்டர் தரும் எலாஸ்டிக் காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி செய்தது. முழங்காலுக்குக் கீழே சும்மா ஒரு எலாஸ்டிக் பட்டை போட்டுக்கொள்வது அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்யும்.

இப்போது சின்னக்கடைத் தெருவிலும் என்.எஸ்.பி. ரோட்டிலும் புடவைக்கு உள்ளே போடும் எலாஸ்டிக் பாவாடை தொங்குகிறது. ஷேப்வேர் என்கிறார்கள். கல்யாணப் பெண்கள் ஆசையாக வாங்குகிறார்கள். நாடா இல்லாமல் இடுப்பு முழுவதும் அழுத்தத்தைப் பரப்புவதால் ஒரு வகையில் நாடாவை விட நல்லதுதான். ஆனால் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று ஒரு சைஸ் குறைத்து வாங்கினால், சாப்பிட்ட பின் நெஞ்செரிச்சல், தொடையில் வியர்வைக்குரு, கழற்றுவது தொல்லை என்று சிறுநீரை அடக்குவது என எல்லாம் சேர்ந்து வரும். முகூர்த்தத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பந்தி முடிந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இடுப்பை இறுக்குவது எதையும் போட வேண்டாம்.

உங்கள் உள்ளாடை அதிக இறுக்கமா என்று தெரிந்துகொள்ள மெஷின் தேவையில்லை. கழற்றியவுடன் பாருங்கள். லேசான கோடு விழுந்து அரைமணி நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. குளித்து முடித்த பின்னும் பள்ளமாக இருந்தால், அரித்தால், கறுத்திருந்தால் அதை மாற்ற வேண்டும்.

துவைத்து உலர்த்துவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெண்கள் உள்ளாடையையும் மாதவிடாய்த் துணியையும் வேறு துணிக்கு அடியில், கொல்லை மூலையில், இருட்டில் காயப் போடுகிறார்கள். அது காய்வதே இல்லை, ஈரத்தோடு திரும்ப உடம்புக்கு வருகிறது. இறுக்கம், ஈரம் இரண்டும் சேர்ந்தால் புண்ணுக்கு வேறென்ன வேண்டும்? சோப்பு போக நன்றாக அலசி வெயிலில் போடுங்கள். கணவர் தன் ஜட்டியை நடு வாசல் கொடியில் போடுகிறாரே, அதே கொடியில் மனைவியுடையதும் காயட்டும்.

குழந்தைகளின் அரைஞாண் கயிற்றையும் பாருங்கள். நாமகரணத்தில் கட்டிய கயிறு அப்படியே இருக்கும், குழந்தை மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். மாதம் ஒரு தடவை விரல் விட்டுப் பார்த்துத் தளர்த்துங்கள். பெரியவர்கள் கட்டும் கயிறும் அழுக்கும் ஈரமுமாக இருந்தால் மாற்றுங்கள்.

முதலில் சொன்ன கேள்வி இதுதான்: "உன் இடுப்பில், தொடை இடுக்கில் ஆறாத புண்ணோ அரிப்போ இருக்கிறதா?" மூன்று வாரமாக ஆறாத புண், ஓரம் தடித்த புண், ஆறி ஆறித் திரும்ப வரும் புண், இவற்றில் எது இருந்தாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் பார்த்து, தேவையானால் புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு தருவார். அங்கே பரிசோதனைக்குக் காசு கேட்க மாட்டார்கள். போகும்போது கணவரும் கூடப் போங்கள்.